பலகைக்கு வரவேண்டிய மன்னிப்பு

கூடைப்பந்துப் பலகைக்கு முதலில் அநியாயம் செய்தவள் ஏழாம் வகுப்பு இன்பவல்லி. பழக வந்த அன்றே பந்தை அதன் முகத்தில் அடித்தாள். கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊரில், அவள் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, "போனது போச்சு, அடுத்தது!" என்றாள்.

"கோபப்படாதீங்க அண்ணே," என்றது கீழே மாட்டியிருந்த வளையம். "குறி தப்பினால் அப்படிச் சொல்லி உடனே மறந்துடணுமாம். மாஸ்டர் சொல்லிக்கொடுத்த மனப்பயிற்சி."

"அடி வாங்கினது நான், மறக்கிறது அவளா? மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் நான் மறக்கமாட்டேன்."

வருஷம் முழுக்க அடி விழுந்தது. மன்னிப்பு வரவில்லை. ஆணி தளர்ந்து ஆடிக்கொண்டிருந்த பலகைமேல் பட்ட பந்துகளோ சொத்தென்று கீழே விழுந்தன.

அதே மைதானத்தில் பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டியில் கடைசிப் பந்து இன்பவல்லி கைக்கு வந்தது. அது விழுந்தால்தான் வெற்றி.

"வரட்டும். அவள் மூஞ்சிக்கே திருப்பி அனுப்புறேன்," என்று பலகை பல்லைக் கடித்து, ஆட்டமில்லாமல் விறைத்து நின்றது. அந்த விறைப்பில் பட்ட பந்து அழகாகத் திரும்பி, நேராக வளையத்துக்குள் விழுந்தது.

இன்பவல்லி துள்ளிக்கொண்டு ஓடிவந்து, பலகையைத் தாங்கி நின்ற கம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கம்பத்தையா? அவன் என்னடா அடி வாங்கினான்?" என்று பலகை அலறியது.

வளையத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "போனது போச்சு அண்ணே. அடுத்தது!"

"எட்டாம் வகுப்புக்குப் போனாலும் அவள் இங்கேதானே வரணும்?" என்றது பலகை. "வரட்டும்."