லிட்டருக்குப் பதினைந்து

“முடியாதுங்க. ஒரு ஆள் கூடுதலா ஏறினா மைலேஜ் குறையும்.”

மாடி வீட்டுத் தையல்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். கால் முறிந்த அவர் மனைவிக்குக் கட்டுப் பிரித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி. பஸ் படியில் ஏற முடியவில்லை. கீழ் வீட்டில் கார் நிற்கிறதே என்று கேட்க வந்திருந்தார்.

“சரிங்க சார்,” என்று மட்டும் சொல்லிவிட்டு மாடி ஏறினார்.

சமையலறையில் நின்ற கார்க்காரர் மனைவிக்கு அவமானமாக இருந்தது.

“என்னங்க, போக ஆறு கிலோமீட்டர்தானே? நீங்க ஆபீஸ் போனப்புறம் நானே ஓட்டிட்டுப் போயிட்டு வரேனே.”

“முடியாதுன்னா முடியாதுதான்.”

தெருவில் அவருக்கு ‘லிட்டர் சார்’ என்று பெயர். கார் அவரைவிட நாலே வயது இளையது, இத்தாலியில் செய்தது. பெட்ரோல் வீணாகும் என்று ஆபீசுக்கு பஸ்ஸில் போவார். ஞாயிறு மட்டும் ஏரிக்கரைச் சாலையில் அறுபத்தாறு கிலோமீட்டர் ஓட்டி, திரும்பும் வழியில் டேங்கை நிரப்பி, நோட்டில் எழுதுவார். பெட்ரோல் மூடியின் சாவி அவர் பையைவிட்டு இறங்காது.

போன மாதம் அவள் அண்ணன் வந்து சீண்டிவிட்டுப் போயிருந்தான்.

“பழைய இத்தாலிக் கார் பெட்ரோலைக் குடிக்காது மாப்ளே, குளிக்கும்.”

“அடுத்த மாசக் கடைசிக்குள்ள லிட்டருக்குப் பதினஞ்சு காட்டறேன் மச்சான். காட்டலேன்னா வித்துடறேன்.”

அன்றிலிருந்து கார்பரேட்டர் கழற்றிக் கழுவப்பட்டது. பிளக் புதிது, ஏர் ஃபில்டர் புதிது. டிக்கியில் இருந்த குடையைக்கூட எடை என்று இறக்கிவிட்டார். நோட்டில் பதினாலு வந்துவிட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

பிடிவாதத்தில் அவருக்கு அவள் கொஞ்சமும் சளைத்தவள் இல்லை. ஸ்பீடோமீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டால் வண்டி ஓடும், கிலோமீட்டர் ஏறாது என்பதை மெக்கானிக் வேலை செய்யும்போது பார்த்திருந்தாள். செவ்வாய்க்கிழமை அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் ஸ்பேனரை எடுத்தாள்.

“அவர்தான் கூட்டிட்டுப் போகச் சொன்னார்,” என்றாள் தையல்காரர் மனைவியிடம். வீடு திரும்பியதும் கேபிளை மாட்டி, பக்கத்து ஸீட்டையும் பழையபடி முன்னால் தள்ளிவிட்டாள்.

சொட்டுப் பெட்ரோல், தெரியவா போகிறது என்று நினைத்துவிட்டாள். லிட்டர் சாருக்கா தெரியாது?

“பதினொண்ணு,” என்றார் ஞாயிறன்று, நோட்டை வெறித்துக்கொண்டு. சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிறும் பதினொன்று.

அவள் நிறுத்திவிட்டால் அவர் ஜெயித்துவிடுவார். ஆனால் இன்னும் ஆறு வாரம் பயிற்சி வேண்டும், விட்டுப்போனால் கால் மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காரை விற்கிற நாள்வரைக்கும் ஓட்டியே தீருவது என்று முடிவு செய்தாள்.

மூன்றாவது ஞாயிறு மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடி வந்தாள்.

“வண்டில ஒரு குறையும் இல்ல சார்,” என்று எழுந்தார். அவளுக்கு மூச்சு வந்தது.

மெக்கானிக்கை வழியனுப்பப் போனவர் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. வந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது. என்றாலும் செவ்வாயும் வெள்ளியும் ஸ்பேனரை எடுத்தாள்.

மாதக் கடைசி ஞாயிறு அண்ணன் வந்துவிட்டான்.

“என்ன மாப்ளே, எவ்வளவு?”

“பதினொண்ணுதான் மச்சான்.”

“அப்ப வாங்கறதுக்கு ஆளைக் கூட்டிட்டு வரட்டுமா?”

“விக்கல.”

“சொன்ன வாக்கு என்னாச்சு?”

“வாக்குத் தவறிட்டேன்னு ஊர் பூரா சொல்லிக்குங்க. கார் இங்கதான் நிக்கும்.”

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். “பொண்டாட்டியை விட்டாலும் விடுவார், இந்த டப்பாவை விடமாட்டார்.”

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. மாடி வீட்டுக்காரிக்கு ஒரு இடம் கொடுக்க மனசு வராத மனுஷன், ஒரு தகர டப்பாவுக்காக வார்த்தையையும் விழுங்கிவிட்டார். கார் தப்பித்ததில் வந்த சந்தோஷத்தோடு அவர் மேல் வெறுப்பும் வந்தது.

செவ்வாய்க்கிழமை. தையல்காரர் மனைவி கைத்தடியோடு மெதுவாகப் படி இறங்கிக்கொண்டிருந்தாள். இவள் கார் கதவைத் திறந்தாள்.

பக்கத்து ஸீட், ஒருவர் காலை நீட்டி உட்காரும்படி கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. வெள்ளிக்கிழமை முன்னால் தள்ள மறந்துவிட்டோமோ என்று பதறிக்கொண்டே, ஸ்பேனரோடு டாஷ்போர்டுக்குக் கீழே குனிந்தாள்.

கேபிள் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது. அதன் நுனியில் நோட்டிலிருந்து கிழித்த ஒரு துண்டுக் காகிதம், அவர் கையெழுத்தில்:

“66 + 24 = 90. பெட்ரோல் 6 லிட்டர். பதினஞ்சு கொடுத்துடுச்சு. உங்கண்ணன்கிட்ட சொல்லிடாதே.”