வயிற்றை உப்பவைக்கும் செவலை

ஒரு லாயத்தில் செவலை என்றொரு பெண் குதிரை. அதைக் கண்டாலே அதன் சேணத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். வயிற்று வாரை இறுக்கும்போது செவலை மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். பிறகு மூச்சை விட்டதும் வார் தொளதொளத்து, சேணம் சரிந்து, பழக்குகிற ரெஜினா மண்ணில் கிடப்பாள். இதுவரை மூன்று தடவை ஆகிவிட்டது. இன்னொரு தடவை விழுந்தால் செவலையை விற்றுவிடுவேன் என்றார் லாயக்காரர்.

"திமிர் பிடிச்சவளே, உன்னால என் மானம் போகுது" என்றது சேணம்.

"திமிர் காட்டினா எனக்குக் கொள்ளு கூடக் கிடைக்குமா என்ன? ஒரே இழுப்புல இறுக்குறீங்க. உயிர் போற மாதிரி இருக்கு. பயத்துல வயிறு தானா உப்புது."

சேணம் தன் வாரின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தது.

மறுநாள் ரெஜினா வாரை இழுத்தாள். சேணம் வேண்டுமென்றே முதல் ஓட்டையிலேயே பக்கிளைச் சிக்கவைத்துக்கொண்டது.

"சனியன், மாட்டிக்கிச்சு" என்று திட்டிய ரெஜினா, பக்கிளை ஆட்டிக்கொண்டே மறு கையால் செவலையின் கழுத்தைச் சொறிந்தாள். செவலை தலையைத் தாழ்த்தி நீளமாக மூச்சு விட்டது. உடனே சேணம் பக்கிளை விட்டது. அடுத்த ஓட்டைக்கும் அதே கதைதான். ரெஜினாவுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. மீதி ஓட்டைகளுக்குச் சொறிந்துவிட்டுத்தான் இழுத்தாள்.

அன்று மைதானத்தை நாலு சுற்று வந்தும் அவள் விழவில்லை. லாயக்காரர் விற்கிற பேச்சை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஐந்தாவது சுற்றில் சேணம் மெதுவாகக் கேட்டது: "ஏய், எங்கயாவது வலிக்குதா?"

"ஓடும்போது இதெல்லாம் கேட்காதே, சிரிப்பு வருது" என்றது செவலை.