நர்ஸ் அக்காவின் பிரேக்

“வண்டியில ஒரு குறையும் இல்லைன்னு நீங்களாவது இந்த அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. என் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு.”

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு நாலாவது தடவையாக வாட்சைப் பார்த்தார். மூன்று மணிக்கு லைசென்ஸ் டெஸ்ட். இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நர்ஸ் அக்காவுக்கும்தான். ஏற்கெனவே இரண்டு டெஸ்ட்டில் கோட்டைத் தாண்டி வண்டியை நிறுத்தித் தோற்றவர். கார் ஓட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்கு ஆஸ்பத்திரியில் அவர் பெயரைத்தான் எழுதி வைத்திருந்தார்கள். இன்றைக்கும் லைசென்ஸ் இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

“என்னம்மா பண்ணுது?” என்றார் மெக்கானிக்.

“கல்லை மிதிக்கிற மாதிரி இருக்குண்ணே. எழுந்து நின்னு மிதிச்சாத்தான் நிக்குது.”

“ஒன்பது பேர் இதே வண்டியிலதான் கத்துக்கிறாங்க. ஒருத்தராவது வாயைத் திறந்தாங்களா? இவங்களுக்கு வராதுன்னு அன்னிக்கே சொன்னேன்.” மாஸ்டர் பின்சீட்டைப் பார்த்தார். “என்ன சார், உங்களுக்கு எப்படி?”

அங்கே உட்கார்ந்திருந்த ஜவுளிக்கடைக்காரர் மாஸ்டரின் செல்லப் பிள்ளை. அவருக்கும், பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டு பேருக்கும் இன்றைக்குத்தான் டெஸ்ட்.

“பூ மாதிரி நிக்குது மாஸ்டர்!”

மெக்கானிக் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை நாலைந்து தடவை மிதித்தார். காலை எடுக்காமலே ஸ்டார்ட் பண்ணினார்.

“இப்போ பெடல் லேசா உள்ளே இறங்கணும். இறங்கலையே!”

பானெட்டைத் திறந்து கையை விட்டுத் துழாவினார். இன்ஜினிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாய், அடிப்பக்கம் விரல் நீளத்துக்குப் பிளந்து, ‘புஸ்ஸ்’ என்று காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

“நாம கொஞ்சமா மிதிச்சா மீதி பலத்தை இந்த பூஸ்டர்தான் கொடுக்கும். அது செத்துக் கிடக்கு. இந்தம்மா வெறும் கால் பலத்துல வண்டியை நிறுத்தியிருக்காங்க. ரெண்டு மாசமாவது இருக்கும்.”

மாஸ்டரின் முகம் சுண்டிப்போனது. “நானும்தானே ஓட்டுறேன். எனக்குத் தெரியலையே?”

“கொஞ்சம் கொஞ்சமா இறுகியிருக்கும். கால் பழகிடும்.” மெக்கானிக் தலையைச் சொறிந்தார். “ஆனா புதுசாக் கத்துக்கிற இவருக்கு மட்டும் எப்படிப் பூ மாதிரி நிக்குது?”

அவர் பார்வை மாஸ்டர் உட்காரும் பக்கம் இருந்த இரண்டாவது பிரேக் மேல் போய் நின்றது.

“ஒரு தடவை இவரை நிறுத்திக் காட்டச் சொல்லுங்க மாஸ்டர். நீங்க காலைத் தூக்கி வெச்சுக்கணும்.”

ஷெட்டுக்குப் பின்னால் காலி இடம். ஓரத்தில் பழைய டயர்கள் குவிந்து கிடந்தன. நடக்கிற வேகத்தில்தான் வண்டி போனது. “நிறுத்துங்க!” என்றார் மாஸ்டர். போனது. “நிறுத்துங்க சார்!” நேராகப் போய் டயர் குவியலில் முட்டிக்கொண்டு நின்றது.

வேர்த்து விறுவிறுத்து இறங்கினார் கடைக்காரர். “என்ன மாஸ்டர், தினமும் நீங்கதானே நிறுத்துவீங்க? இன்னிக்கு ஏன் விட்டுட்டீங்க?”

மாஸ்டர் தன் காலைக் குனிந்து பார்த்தார். பயந்து ஓடட்டும் என்று, நர்ஸ் அக்கா ஓட்டும்போது மட்டும்தான் அவர் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்; மற்றவர்களுக்கெல்லாம் அவர் கால்தான் வண்டியை நிறுத்தியது.

குழாயை மாற்றப் பத்தே நிமிடம் ஆனது. டெஸ்ட்டுக்குக் கிளம்ப எல்லோரும் முண்டியடித்து ஏறப் போனார்கள். மாஸ்டர் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

“யாரும் ஏற வேண்டாம். அக்கா, வண்டியை எடுங்க. இன்னிக்கு டெஸ்ட்டுக்கு நீங்க மட்டும்தான்.”