வாடைப் பக்கத்து வாசல்

"வாசலை வாடைப் பக்கம் வை தம்பி" என்று ஜஸ்ரினின் அம்மா சொன்னது இது நாலாவது தடவை.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவுமில்லை.

நான் வீட்டுப் படம் கீறுகிறவன். மணலில் வீடு கட்டுவதென்றால் காற்றைக் கேட்டுத்தான் கட்டவேண்டும். வடமராட்சி கிழக்கின் இந்தக் கரையில் கார்த்திகை பிறந்தால் போதும், வாடைக்காற்று கடற்பக்கமிருந்து மணலை அள்ளிக்கொண்டு வந்து கொட்டும். அந்தப் பக்கம் கதவு வைத்தால் தை மாதம் அதைத் திறக்கவே முடியாது.

அதற்காகத்தான் மூன்று கிழமை மண்டையை உடைத்திருந்தேன். கடற்பக்கம் முழுச்சுவர். உயரத்தில் மட்டும் ஒடுக்கமான யன்னல்கள். நடுவில் நிழலோடு ஒரு முற்றம். வாசல் பின்பக்கம், சவுக்கு மரங்களைப் பார்த்து. பிரான்சில் இருக்கும் இந்த அம்மாவின் மகள் ஜெனிற்றா படத்தைப் பார்த்துவிட்டு "சூப்பர் அண்ணை" என்று எழுதியிருந்தாள். கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் இன்றைக்கு அத்திவாரம் குறிக்க முளையும் கயிறும் கொண்டு வந்திருந்தேன்.

அம்மாவோ கயிற்றைத் தாண்டி வந்து, முழுச்சுவர் எழும்ப வேண்டிய இடத்தில் நின்றுகொண்டார். அசையவில்லை.

சண்டைக்கு முந்தி இருந்த வீட்டின் வாசல் அங்கேதான் இருந்தது. மகன் ஜஸ்ரினுக்குத் தெரிந்தது அந்த வாசல்தான்.

ஜஸ்ரின் என் கூட்டாளி. காணாமல் போனவர்களின் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது.

"இருட்டுக்குள்ளை வந்தானெண்டால் பிள்ளை சுவரைத் தடவிக்கொண்டே நிக்கிறது?" என்று கேட்டார் அம்மா.



அவன் வரமாட்டான். இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் அவனைப் புதைத்தவன் நான். இரண்டு கையாலும் மண்ணைக் கிளறி, அவசர அவசரமாக, முகத்தை மட்டும் கழற்றிய என் சேட்டால் மூடி. முகாமிலிருந்து வெளியே வந்ததும் அவனுடைய தகப்பன் கனிசியஸ் ஐயாவிடம் மட்டும் சொன்னேன். மனிதர் சத்தம் போட்டு அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, மனுசி தாங்கமாட்டாள், அவளிடம் மூச்சு விடக்கூடாது என்றார். பதினைந்து வருசத்துக்கு மேலாக நானும் மூச்சு விடவில்லை. அம்மா சாப்பாடு போடும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

ஐயா வளவு மூலையில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டப் போனேன். இனியாவது அம்மாவிடம் சொல்லுங்கள், ஒரு பொய்க்காக வீட்டையே மணலுக்குக் கொடுக்கப்போகிறீர்களா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"அவள் கேக்கிறபடி கீறு. மண்ணை நான் அள்ளுறன்" என்றார்.

அள்ளுவாராம். எழுபத்திரண்டு வயது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டு, தேத்தண்ணி எடுத்துவரத் தகரக் கொட்டிலுக்குள் போனார்.

சரி, நானே சொல்லிவிடுவது என்று அம்மாவை நோக்கி நடந்தேன். கால் மணலில் புதையப் புதைய நடந்தேன்.

"அம்மா, ஜஸ்ரின்..." என்று தொடங்கினேன்.

அம்மா கொட்டில் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"எட்டு வருசத்துக்கு முந்தி ஒரு நாள், வலை வாங்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு இவர் பஸ் ஏறி ரவுணுக்குப் போனவர். நானும் பின்னாலை அங்கை குருநகரிலை இருக்கிற தங்கச்சியைப் பாக்கப் போனனான். அவளோடை பின்னேரப் பூசைக்குப் போய்க் கடைசி வாங்கிலை குந்தியிருந்தன். செத்த ஆத்துமங்களின்ரை பேரைச் சுவாமியார் வாசிச்சார். எங்கடை பிள்ளையின்ரை பேரும் வந்தது. ஆரடா குடுத்தது எண்டு எட்டிப் பாத்தன். முன் வாங்கடியிலை இவர் முழந்தாளிலை நிக்கிறார்."

எங்கள் ஊர்க் கோயிலில் பூசைக்குப் பேர் கொடுத்தால் அம்மா காதில் விழுந்துவிடும் என்று இவ்வளவு தூரம் போயிருக்கிறார் மனிதர்.

அப்படியென்றால் இந்த வாசல் யாருக்கு என்று கேட்டேன்.

"நான் இன்னும் பிள்ளையைப் பாத்துக்கொண்டு இருக்கிறன் எண்ட நினைப்பிலைதான் அந்த மனுசன் எழும்பி நடமாடுது. உந்தச் சுவருக்கு நான் ஓமெண்டு சொன்னால், எனக்குத் தெரியுமெண்டு அவருக்கு விளங்கிப்போடும்."

கொட்டிலின் கதவு சத்தம் போட்டது. அம்மா என் கையை விட்டார்.

"தம்பி ஒத்துக்கொண்டிட்டான்" என்று ஐயாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "பிள்ளை வந்தால் நேரை உள்ளுக்கு வரலாம்."

"ஓமப்பா, வரட்டும்" என்றார் ஐயா. மனுசியைக் காப்பாற்றிவிட்ட ஆறுதல் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு குந்தினேன். ஒற்றைக் கதவுக்கு மூன்றரை அடி போதுமா என்று, யாருடைய முகத்தையும் பார்க்காமல் கேட்டேன்.

இரட்டைக் கதவு போடச் சொல்லி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.