கறுத்த மாவு

கோமதிக்கும் தங்கை கீதாவுக்கும் கல்லூரியில் ஆளுக்கொரு பை கம்பு மாவு கொடுத்திருந்தார்கள். ஒன்றில் மட்டும் இரும்புச்சத்து அதிகம். அதைத் தின்றால் பெண்களுக்குக் கவனமும் ஞாபகசக்தியும் கூடுமா என்று ஆராய்ச்சி. எந்தப் பை என்பதைக் கடைசியில்தான் சொல்வார்களாம்.

தாராவி வீட்டில் அம்மா பூமாரி பைகளைப் பிரித்தாள். கோமதியின் மாவு வெளுத்திருந்தது. கீதாவின் மாவு கறுத்திருந்தது.

‘இரும்பு கறுப்பாத்தான இருக்கும்!’

யாருக்கும் தெரியாமல் டப்பாக்களை மாற்றி வைத்தாள். அன்றுமுதல் கறுத்த ரொட்டி கோமதியின் தட்டில்தான் விழுந்தது.

“எம்மா, கீதாவுக்கும் இதுல ஒண்ணு குடேன்,” என்றாள் கோமதி.

“நீ பேசாம தின்னுட்டி. ஒனக்குத்தான பேங்க் பரீட்சை வருது?”

மழைக்காலம் முடிந்ததும், ஆராய்ச்சி செய்யும் பத்மஜா வீட்டுக்கே வந்தாள்.

“ஒண்ணுமே புரியலை. இரும்புச்சத்து கோமதியோட வெள்ளை மாவுலதான் இருந்தது. ஆனா டெஸ்ட்ல கீதாதான் டாப். கோமதிக்கு ரத்தமும் ஏறலை, ஞாபகமும் கூடலை. பேங்க் பரீட்சையும் போயிடுத்தாமே?”

பூமாரி டப்பாக்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“நாந்தான் மேடம்... டப்பாவ மாத்தி வச்சேன்.”

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கோமதி அப்படியே நின்றாள்.

“இல்லட்டி, நான் என்ன நெனச்சேன்னா...” என்று எழுந்தாள் பூமாரி.

“இருக்கட்டும். உங்க பொண்ணுக்குத்தான செஞ்சீங்க, சித்தி.”

பெற்றவளைச் சிறுவயதிலேயே பறிகொடுத்த கோமதி, பூமாரியை ‘அம்மா’ என்றல்லாமல் வேறு விதமாக அழைத்தது அதுவே முதல்முறை.