விழித்திருப்பவர்களின் இணைப்பு

கணவர் இறந்தபிறகு பூங்கோதைக்கு மனச்சோர்வு மாத்திரை கொடுத்தார்கள். மனம் கொஞ்சம் தேறியது, தூக்கம்தான் போய்விட்டது. அதற்காக மருத்துவமனையில் கையில் ஒரு பட்டை கட்டிவிட்டார்கள். அதே மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு எங்கோ தூங்காமல் கிடக்கும் ஒருவரோடு அது பேசவைக்கும். ஊரையோ ஃபோன் நம்பரையோ சொன்னால் பேச்சைத் துண்டித்துவிடும்.

அவளுக்குக் கிடைத்தவர் ஞானராஜ். சரக்கு ரயில் ஓட்டியவர். "இன்னைக்கு என்ன சாப்ட்டிய?" என்று அவளைக் கேட்க அவர் ஒருவர்தான் இருந்தார்.

இரவில் போட்டுவந்த மாத்திரையை டாக்டர் காலைக்கு மாற்றினார். சில நாட்களில் நல்ல தூக்கம் வந்தது. தூங்குகிறவர்களுக்கு இணைப்பு கிடையாது.

"பகல்ல ஒருக்கா அவருகூட பேச வைங்க, டாக்டர்."

"அவருக்கு வேற ஆள் கொடுத்தாச்சும்மா. உங்களுக்குத்தான் குணமாயிடுச்சே, சந்தோஷப்படுங்க."

அன்று இரவு பூங்கோதை கடுங்காப்பி குடித்துவிட்டு வேண்டுமென்றே விழித்திருந்தாள். பட்டை அதிர்ந்தது. ஞானராஜ் இல்லை, ஒரு சின்னப் பெண் விசும்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு வாரமா கண்ண மூட முடியல. எனக்கு யாருமே இல்லக்கா."

"மாத்திரைய எப்பக் கண்ணு போடற?"

"ராத்திரிக்கா."

பூங்கோதைக்குக் காரணம் புரிந்தது. சொல்லிவிட்டால் இந்தக் குரலும் போய்விடும்.

"காலைல போடலாமான்னு நாளைக்கே உன்ற டாக்டரைக் கேளு கண்ணு. எனக்கு அப்படித்தான் தூக்கம் வந்துச்சு."

"சரிக்கா. நாளைக்கும் நீங்க பேசுவீங்கல்ல?"

"நீ தூங்கோணும் கண்ணு" என்றாள் பூங்கோதை.