ரோவரின் கல்லறை

விக்டோரியா ராணி காலத்து வீட்டை வாங்கிப் பழையபடியே புதுப்பித்துக்கொண்டிருந்த ஹேசல், தோட்டத்துப் புதரை வெட்டியதும் துள்ளிக் குதித்தாள்.

"க்ளைவ், ஓடி வா! கல்லறை!"

கரி படிந்த சின்னக் கல். ‘நன்றியுள்ள நாய் ரோவர், 1874’ என்று செதுக்கியிருந்தது. கணவன் வாயைத் திறப்பதற்குள், ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கே போன் போட்டுவிட்டாள்.

ஞாயிறு மாலை தேநீருக்குச் சங்கமே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு மிஸஸ் ஆல்டர்டனும் ரோஜாக்களோடு வந்தார். காணாமல் போன தன் பூனை டஃபியின் படத்தைக் கம்பத்துக்குக் கம்பம் ஒட்டியவர். க்ளைவ்தான் ஏணி பிடித்தான்.

"லேசாத் தோண்டிப் பார்ப்போமா?" என்றார் சங்கத் தலைவர்.

"வேண்டாம்!" க்ளைவ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கல்லுக்கு முன்னால் வந்து நின்றான். "செத்ததை நிம்மதியா விடுங்க சார்."

"எலிப்பொறி வைக்கிறவனுக்கு இன்னிக்கு என்ன இவ்வளவு இரக்கம்?" ஹேசல் சிரித்தாள்.

"அவன் சொல்றதுதான் சரி. தோண்ட வேண்டாம்" என்று முடித்துவைத்தார் மிஸஸ் ஆல்டர்டன்.

மற்றவர்கள் கேக் சாப்பிட உள்ளே போனதும், மிஸஸ் ஆல்டர்டன் குனிந்து ரோஜாக்களைக் கல்லடியில் வைத்தார்.

க்ளைவ் தரையைப் பார்த்தபடி கேட்டான். "டஃபி பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?"

"நீ காரைப் பின்னால எடுத்து அவன் மேல ஏத்தினப்பவே மாடி ஜன்னல்லேர்ந்து பார்த்துட்டேன்பா. அழுதுகிட்டே குழி தோண்டினதையும், கரி அறையிலேர்ந்து இந்தக் கல்லைத் தூக்கிட்டு வந்து வச்சதையும் பார்த்தேன். நீயா வந்து சொல்லுவேன்னுதான் அத்தனை கம்பத்துலயும் படம் ஒட்டினேன்."

மிஸஸ் ஆல்டர்டன் கல்லைச் சுட்டிக் காட்டினார்.

"கல்லை மட்டும் மாத்திடு. என் டஃபிக்கு நாயைக் கண்டாலே ஆகாது."